அலமாரிக்குள் ஒரு அவரைச் செடி

"துணி வெக்கிற எடத்துல தோட்டம் போட்டிருக்கியா?"

சட்டையைத் தேடிய கணவர் கையில் ஒரு காகிதக் கோப்பையோடு வந்து நின்றார். டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை. கோப்பையில் அவரைச் செடி வெளிறிப்போய், நூல் போல நீண்டு, நிற்கத் தெம்பில்லாமல் சாய்ந்திருந்தது. அளந்தாள். பதினான்கு சென்டிமீட்டர். அதே நாளில் விதைத்து ஜன்னலில் வைத்தது ஏழு சென்டிமீட்டரைக்கூடத் தாண்டவில்லை.

அப்படியானால் அந்தச் சிறுமி சொன்னது நிஜம்.

வகுப்பில் அவளுக்கு 'ஸ்கேல்' என்றே பட்டப்பெயர். பக்கத்துப் பிள்ளையின் மூக்கைக்கூட அளக்காமல் விடமாட்டாள். மூன்று வாரத்துக்கு முன், வகுப்பில் செய்த சோதனையில் ஜன்னலில் வைத்ததைவிட இருட்டு அலமாரியில் வைத்த செடிதான் உயரம் என்று அவள் எழுதிக்கொண்டு வந்தபோது டீச்சர் செடிப் பக்கம் தலையைத் திருப்பக்கூட இல்லை. மறுநாள் நோட்டுகளெல்லாம் தலைமை ஆசிரியரின் மேஜைக்குப் போயாக வேண்டும். வெளிச்சம் இல்லாமல் செடி எப்படி வளரும்? கோப்பைகளின் சீட்டை மாற்றி ஒட்டியிருப்பாள்.

"ரெண்டு தடவ அளந்தேன் டீச்சர்."

"பொய் சொல்லாத. அழிச்சிட்டு மாத்தி எழுது."

வகுப்பே கொல்லென்று சிரித்தது. கரும்பலகைக்கு மேலே 'பார், அள, எழுது' என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியவளும் இதே டீச்சர்தான். அழுத்தி அழித்ததில் சிறுமியின் நோட்டு கிழிந்துவிட்டது. அந்தக் கிழிசல் உறுத்திக்கொண்டே இருக்கப்போய்த்தான் வீட்டில் விதை போட்டாள்.

வீட்டுச் செடியை அளந்த அன்றே, வகுப்புக்குள் நுழைந்ததும் எல்லார் முன்னாலும் சொன்னாள். "வெளிச்சத்தத் தேடித்தான் இருட்டுல செடி அப்பிடி நீளுது. நீ எழுதினதுதான் சரி. நான் செடியக்கூடப் பாக்காம உன்னப் பொய்க்காரி ஆக்கிட்டேன். தப்பு என்னோடது, மன்னிச்சுக்கோம்மா."

சொல்லிவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்று நினைத்திருந்தாள்.

"பரவால்ல டீச்சர்," என்றாள் சிறுமி, விருந்தாளியிடம் பேசுவது போல.

பழைய அளவைத் திரும்ப எழுதச் சொல்லலாம் என்று நோட்டை வாங்கினாள். திறந்தது இந்த வாரப் பக்கம். டம்ளர் தண்ணீர் தினமும் எவ்வளவு வற்றுகிறது என்ற பட்டியல். நாளுக்கு அரை சென்டிமீட்டர். ஒரு நாள்கூடப் பிசகவில்லை. வெள்ளிக்கிழமை வரைக்கும் அழகாக நிரப்பியிருந்தாள்.

"இன்னிக்குப் புதன்தானேம்மா?"

"ஆமா டீச்சர்."

டீச்சரின் முகம் மாறியதைக் கண்டதும் சிறுமி அவசரமாகப் பைக்குள் கையை விட்டாள். எடுத்தது ஸ்கேலை அல்ல, ரப்பரை.

"தப்பா இருக்கா? எவ்வளவுன்னு சொல்லுங்க டீச்சர், மாத்திடறேன்."

ரப்பர் நோட்டுக்கு மேலே நின்றது, டீச்சர் சொல்லப்போகும் எண்ணுக்காக.