ஐம்பதாவது அடி

அக்காவும் தம்பியும் பேசி ஏழு வருடம் ஆகிறது. திட்டுவதையும் பேச்சில் சேர்த்தால், ஒரு நாள்கூட விட்டதில்லை.

தம்பி வைத்திருப்பது கம்பிவலை, கயிறு, தார்ப்பாய், ரப்பர் குழாய் எல்லாம் அடிக்கணக்கில் விற்கும் கடை. தெருவில் அவருக்குக் கறார் என்று பெயர். பேரம் பேச வருகிறவனிடம், "விலை பிடிக்கலையா? வெளிய நில்லு, வெயிலாவது பிடிக்கும்" என்பார். அந்தக் கடைவாசலின் ஓரத்தில், சாலையைப் பார்த்தபடி, சுவர் அலமாரி மாதிரி ஒரு சின்னக் கோயில். ஆழம் ஒரே ஒரு அடி. சாமியே ஒடுங்கித்தான் உட்கார்ந்திருக்கும். கோயிலின் தலையில் மாட்டிய தகரக்கூரை பக்கவாட்டில் நீண்டிருக்க, அதன் நிழலில் அக்காவின் தையல் மிஷின். இருபத்திரண்டு வருடமாகப் பள்ளிக்கூடப் பை, பிரயாணப் பை, ஜிப் போன கைப்பை என்று தைத்துத்தான் அவள் சாப்பிடுகிறாள். அப்பா கடையை மகனுக்கு எழுதி வைத்தார். மகளிடம், "சாமி பக்கத்துல உக்காந்து பொழைச்சுக்கோ" என்று வாயால் சொன்னார். வாயால் சொன்னதற்கு நகல் கிடையாது.

இப்போது கடையின் முன்பாதியை ஒரு மருந்துக் கம்பெனி வாடகைக்குக் கேட்கிறது. நாளை மறுநாள் கையெழுத்து. அவர்கள் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: முகப்பில் கண்ணாடிக் கதவைத் தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது. கோயில் போனால் கூரை போகும். கூரை போனால் மிஷினும் போகவேண்டியதுதான்.

கோயில் என் சொந்த நிலத்தில் நிற்கிறது, எடுத்துவிடுகிறேன் என்று கறார் நகராட்சியில் மனுக் கொடுத்தார். அது பொது இடம், யாரும் கைவைக்கக் கூடாது என்று அக்கா எதிர்மனுக் கொடுத்தாள். ரெண்டையும் ஒரே கிளிப்பில் மாட்டிக்கொண்டு, காலை பத்தரை மணிக்கு சர்வேயர் வந்து இறங்கினார்.

"விஷயம் சின்னது" என்றார் அவர். "பத்திரத்துல பின்சுவர்லேர்ந்து ரோட்டு எல்லை வரைக்கும் அம்பது அடி. அதுக்குள்ள கோயில் இருந்தா உங்க சொத்து, எடுக்கறது வைக்கறது உங்க பாடு. அதைத் தாண்டி இருந்தா பொது இடம். முப்பது வருஷத்துக்கு மேல ஆனதுன்னா நகராட்சிக் கோயில் பட்டியல்ல ஏத்திருவோம். அப்புறம் ஒருத்தரும் தொட முடியாது."

"அளந்துடுங்க சார்" என்றார் கறார். "இன்னிக்கோட சனியன் தொலையட்டும்."

"யாரைடா சனியன்கற? சாமியையா, என்னையா?" மிஷினை நிறுத்தாமலே கேட்டாள் அக்கா.

"சாமி எதிர்மனு போடலையே."

"போட்டிருக்கும். உன் கடைல ஒரு குண்டூசிகூட ஓசில கிடைக்காது, பேனா யாரு குடுப்பா?"

எதிர்க்கடை சலவைக்காரர் இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வெளியே வந்தார். கம்பிவலை வாங்க வந்திருந்த கோழிப்பண்ணைக்காரர், தன் வலையை மறந்து ஒரு கயிற்றுக்கட்டின் மேல் உட்கார்ந்தார்.

சர்வேயர் பையைத் திறந்து துழாவினார். பிறகு ஒரு பெருமூச்சு. "ஆபீஸ் டேப்பு அறுந்துபோச்சுங்க. புதுசுக்கு எழுதிக் குடுத்து மூணு மாசம் ஆகுது. இன்னிக்கு இரவல் தரேன்னு சொன்னவர் தரலை. அடுத்த மாசம் வந்து அளக்கறேனே."

அடுத்த மாதம் என்றால் மருந்துக் கம்பெனி அடுத்த தெருவுக்குப் போய்விடும். "டேப்புதானே சார்? அடிக்கணக்குல விக்கற கடைக்கே வந்துட்டு டேப்பு இல்லைங்கறீங்களே!" என்று கறார் உள்ளே ஓடினார்.

அவர் கொண்டுவந்தது கல்லாவுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும் துணி டேப்பு. நூறு அடி என்று போட்டிருக்கும். உண்மையில் தொண்ணூற்றொன்பது. இருபதுக்கும் இருபத்தொன்றுக்கும் நடுவே இருந்த ஒரு அடியை அப்பா காலத்திலேயே கத்தரித்து எடுத்து, அழுக்குப் படிந்த மடிப்புக்குள் தையல் தெரியாமல் ஒட்டுப் போட்டாயிற்று. அப்படித் தைக்கிற கை அந்த வீட்டில் ஒன்றுதான் இருந்தது. அக்காவுக்கு அப்போது பதினெட்டு வயது.

அந்த டேப்பால் அறுபது அடி வலை கேட்டவன் ஐம்பத்தொன்பது அடி வாங்கிப் போனான். முப்பது அடிக் குழாய் கேட்டவன் இருபத்தொன்பது. இத்தனை வருடத்தில் அது ஒரு தடவையாவது கறாருக்கு எதிராகப் பேசியது கிடையாது. இன்றைக்கும் நம் பக்கம்தான் பேசும், இருப்பதைவிட ஒரு அடி கூட்டியே காட்டும் என்று அவர் கணக்குப் போட்டார். விற்றே பழகிய புத்தி. வாங்குகிறவன் இடத்தில் நின்று யோசித்துப் பழக்கமில்லை.

சர்வேயர் எழுதிக்கொண்டே கேட்டார். "அளவு நாடா மனுதாரர் கொடுத்தது. ரெண்டு பேருக்கும் சம்மதமா?"

"முழுச் சம்மதம்" என்றார் கறார்.

அக்கா மிஷினை நிறுத்தினாள். டேப்பைப் பார்த்தாள். தம்பியின் முகத்தைப் பார்த்தாள். "எனக்கும் சம்மதம். எங்கப்பா டேப்பு. நல்லாத் தெரியும்" என்றாள்.

கறார் பின்சுவரில் டேப்பின் நுனியை அழுத்திப் பிடித்துக்கொண்டார். சர்வேயர் மறுமுனையோடு தார்ப்பாய்களைத் தாண்டி, கல்லாவைத் தாண்டி, வாசல்படி இறங்கி நடந்தார். டேப்பு விறைத்து நின்றது. ஐம்பது என்ற எண் கோயிலின் முதுகில் வந்து உட்கார்ந்தது. அதற்கப்பால் கோயில் முழுசாக வெளியே.

"அம்பது இங்க முடிஞ்சுபோச்சுங்க" என்று குரல் கொடுத்தார் சர்வேயர். "கோயில் பொது இடம்."

கறார் சுவரை விட்டுவிட்டு ஓடிவந்தார். "இருக்கவே முடியாது சார்! கோயிலோட முன்பக்கம்தான் அம்பது. நாப்பது வருஷம் முன்னாடி எங்கப்பா நூல் பிடிச்சுக் கட்டினது."

"எந்த டேப்பை வெச்சு அளந்தாரு?" என்றார் சர்வேயர்.

கணக்கு இப்போதுதான் திரும்பி நின்று கறாரைப் பார்த்தது. பத்திரத்தில் இருப்பது ஐம்பது. ஒரு அடி குறைந்த டேப்பில் ஐம்பது சீக்கிரம், நிஜமான நாற்பத்தொன்பதிலேயே, வந்துவிடும். விட்டுப்போன அந்த ஒரு அடி அவருடையது; கோயில் நிற்பதும் அதில்தான்.

"இன்னொரு தடவை அளங்க" என்றார். அளந்தார்கள். கோயிலின் முதுகு. மூன்றாம் தடவை அவரே இழுத்துப் பார்த்தார். துணி முறுகியது. எண் அசையவில்லை.

"ஏங்க, டேப்பு தப்பா இருக்குமோ?" என்றார் சலவைக்காரர், முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு. "துணி உலர்த்த இதுலதான் கயிறு அளந்து வாங்கினேன். ஒரு கொக்கிக்கு எட்டவே இல்லை. பொண்டாட்டி என்னைத்தான் திட்டினா."

கோழிப்பண்ணைக்காரர் கயிற்றுக்கட்டிலிருந்து எழுந்துவிட்டார். "தப்புன்னா இப்பவே சொல்லிடுங்க முதலாளி. போன மாசம் மட்டும் எட்டுக் கட்டு வலை எடுத்திருக்கேன்."

தெருவே காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. கறாரின் பார்வை அக்கா பக்கம் போனது. அதில் கெஞ்சல் இல்லை. கொலைவெறிதான் இருந்தது.

"சொல்லேன்டா" என்றாள் அவள். "டேப்பு கொறைச்சல்னு ஒரு வார்த்தை சொல்லு. சார் வேற டேப்புல அளப்பாரு. கோயில் உனக்கு, எடம் உனக்கு. நான் மிஷினைத் தலைல தூக்கிட்டுப் போறேன்."

"டேப்புல என்ன குறை?" என்றார் கறார். "டேப்பு சரியாத்தான் இருக்கு."

"அப்போ கையெழுத்துப் போடுங்க" என்று சர்வேயர் கிளிப்பை நீட்டினார்.

போட்டார். பேனா தாளைக் கிழித்தது. சர்வேயர் சுண்ணாம்புக்கட்டியால் கோயிலின் முதுகோரமாக ஒரு கோடு இழுத்துவிட்டு, பட்டியலில் ஏற்ற ஒரு வாரம் ஆகும் என்று சொல்லிக் கிளம்பினார்.

கறார் மிஷின் பக்கம் குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார். "நீ தைச்ச ஒட்டுதானே? தெரிஞ்சே சம்மதம்னு சொன்னியா?"

"இருபத்திரண்டு வருஷமா கடைக்கு வந்தவன் எல்லார்கிட்டயும் நீ சொல்லித்தான் அளந்தியா?"

"கூடப்பொறந்தவடி நீ!"

"அது இன்னிக்குத்தான் ஞாபகம் வந்துச்சா? போன மாசம் என் மிஷின் மேல தண்ணி ஊத்தினப்போ வரலையா?"

"விடமாட்டேன். வேற டேப்பு கொண்டுவந்து மறுபடி அளக்க வைக்கறேன்."

"கொண்டுவா. அன்னிக்கு நானும் இந்த ஒட்டைப் பிரிச்சுக் காட்டறேன், எல்லாரையும் கூப்பிட்டு வெச்சு. கத்தரி என்கிட்டயே இருக்கு." அவள் ஒரு கைப்பையை எடுத்து ஜிப்பின் கொக்கியை அதன் பல்வரிசையில் ஏற்றத் தொடங்கினாள். "வெளிச்சத்தை மறைக்காத. நிக்கறது பொது இடம்."

கறார் உள்ளே போனார். மருந்துக் கம்பெனிக்காரரிடமிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

"நம்ம வலை?" என்றார் கோழிப்பண்ணைக்காரர். "அறுபது அடி."

கறார் வலையைத் தரையில் உருட்டி விரித்து, டேப்பைப் போட்டார். சலவைக்காரர் இன்னும் இஸ்திரிக்குத் திரும்பாமல் வாசலிலேயே நின்றார். வெளியே மிஷின் சத்தம் நின்றிருந்தது. அறுபதில் கத்தரியை வைத்த கறார் நிமிர்ந்து பார்த்தார். அக்கா கழுத்தைத் திருப்பி, அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கத்தரியை ஒரு அடி தள்ளி வைத்து வெட்டினார்.

"என்னங்க இது, அறுபதுதானே கேட்டேன்? கூடப் போகுதே?"

"எடுத்துட்டுப் போய்யா!" என்று கறார் கத்தினார்.