தட்டில் மிஞ்சிய இரண்டு போல்ட்

சம்பந்தியாகப் போகிற மனிதரை மலைச் சைக்கிளில் ஏற்றிக் காட்டுக்குள் அனுப்புவதைப் போன்ற பைத்தியக்காரத்தனம் உலகத்தில் வேறு கிடையாது. மெக்கானிக் அக்காவுக்கும் அது தெரியாமல் இல்லை. ஆனால் காலையில் மலையடிவாரச் சைக்கிள் கடை வாசலில் அவர் வந்து நின்ற கோலத்தைப் பார்த்தால் யாருக்குத்தான் மாட்டேன் என்று சொல்ல வாய் வரும்? முழங்காலுக்குக் காப்பு, முழங்கைக்குக் காப்பு, முதுகுக்குக்கூட ஒரு காப்பு. எல்லாம் புத்தம் புதுசு. ஊரில் பேர்போன பல் டாக்டர், ஏதோ சண்டைக்குக் கிளம்பியவர் மாதிரி இடுப்பில் கை வைத்து நின்றார்.

“பச்சைப் பலகை போட்ட பாதையில போங்க டாக்டர். சுலபமா இருக்கும். அப்படியே காத்து வாங்கிட்டு வரலாம்” என்று அக்கா சொல்லிப் பார்த்தாள்.

“பச்சையெல்லாம் குழந்தைங்களுக்குங்க. எனக்குச் சிவப்புதான். சின்ன வயசுல ரெண்டு கையையும் விட்டுட்டு ஓட்டுனவன் நான்!”

அவருக்குப் பின்னால் நின்ற அக்காவின் மகள், ‘வேண்டாம்மா, வேண்டாம்மா’ என்று கண்ணாலேயே கெஞ்சினாள். அடுத்த மாதம் அவருடைய மகனைக் கட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போகப்போகிறவள் அவள்தான். அக்காவின் கவலையும் அதுதான். இதுவரை நாலு தடவை சந்தித்தாயிற்று. நாலு தடவையும் அந்த மனிதர் எதிலும் விட்டுக்கொடுத்ததில்லை. சமையலா, எனக்குத் தெரியும். சாலையா, எனக்குத் தெரியும். தெரியாது என்ற வார்த்தையே அவர் வாயில் வராது. இப்படிப்பட்டவர் வீட்டில் என் பெண் எப்படிக் குப்பை கொட்டப் போகிறாளோ என்று அக்கா தூக்கம் கெட்டுப் போயிருந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு சைக்கிளுக்காக அவரை முறைத்துக்கொள்வானேன்? வண்டியை ஸ்டாண்டில் மாட்டினாள். அவர் உயரத்துக்கு ஹேண்டில்பாரைக் கழற்றி ஏற்றி வைத்தாள். சைக்கிளோடு அவரைக் கடை வேனில் மலை உச்சிக்கு அனுப்பியும் விட்டாள்.

அரை மணி நேரம் கழித்துப் பட்டறையைத் துடைக்கும்போதுதான் பார்த்தாள். சாமான் தட்டின் மூலையில் இரண்டு போல்ட் கிடந்தது.

கறுப்பு நிறம், கட்டை விரல் நகம் அளவு. ஹேண்டில்பாரை வண்டியோடு இறுக்கிப் பிடித்திருக்கும் மூடியில் இந்த மாதிரி நாலு உண்டு. இரண்டு போதாதா என்றால், சமதரையில் போதும். சிவப்புப் பாதையில் வேரும் பாறையுமாகக் குதித்து இறங்கும்போது மூடி பிளந்துகொண்டால் ஹேண்டில்பார் மட்டும் கையில் இருக்கும், வண்டி தன் பாட்டுக்குப் போகும். இருபத்திரண்டு வருஷத்தில் அக்காவின் தட்டில் ஒரு வாஷர்கூட மிஞ்சியதில்லை.

டாக்டருக்குப் போன் அடித்தாள். போன் அவள் முதுகுக்குப் பின்னால் அலமாரியிலேயே மணியடித்தது. உடைந்துவிடும் என்று வைத்துவிட்டுப் போயிருக்கிறார், புண்ணியவான்!

வேன் அப்போதுதான் காலியாகத் திரும்பி வந்து நின்றது.

“அண்ணே, வண்டியைத் திருப்புங்க!”

“இப்பத்தானேம்மா இறங்கி வர்றேன். ஒரு வாய் தண்ணி…”

“திருப்புங்கன்னு சொல்றேன்ல!”

போல்ட் இரண்டையும், அதை முறுக்குகிற எல் கீயையும் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, தன் சைக்கிளை வேனில் தூக்கி எறியாத குறையாக ஏற்றினாள். என்னம்மா என்று ஓடிவந்த மகளிடம் ஒன்றுமில்லை என்றாள். அவள் முகத்தைப் பார்த்தால் ஒன்றுமில்லை என்று யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

உச்சியில் இறங்கியதும் அவள் ஓட்டிய ஓட்டம் இருக்கிறதே, பந்தயத்துக்குப் போன காலத்தில்கூட அப்படி ஓட்டியதில்லை. ஈர மண்ணில் டாக்டரின் சக்கரத் தடம் தெரிந்தது. தடத்துக்குப் பக்கத்திலேயே ஷூ தேய்ந்த கோடும் தெரிந்தது. மனிதர் காலை ஊன்றி ஊன்றித்தான் போயிருக்கிறார். நல்லதாப் போச்சு, மெதுவாவே போங்க சாமி, என்று முணுமுணுத்தபடி வேர்ப்படிகளில் தடதடவென்று இறங்கினாள். குறுக்கே விழுந்து கிடந்த மரத்தை ஒரே தாவாகத் தாவினாள். ஒவ்வொரு வளைவிலும் டாக்டரின் நீலச் சட்டை புதருக்குள் கிடக்குமோ என்று எட்டி எட்டிப் பார்த்தாள். கடவுளே, பல் மட்டும் போனால்கூடப் பரவாயில்லை, அதை அவரே கட்டிக்கொள்வார். கழுத்துக்கு எதுவும் ஆகிவிடக் கூடாது. ஆகிவிட்டால் தன் கையால் ஆனது என்றுதானே ஆகும்? அப்புறம் மகள் முகத்தில் எப்படி விழிப்பது?

பெரிய பாறைச் சரிவின் மேல் விளிம்பில் டாக்டர் உட்கார்ந்திருந்தார். முழுசாக இருந்தார். சைக்கிள் பக்கத்தில் படுத்திருந்தது. ஹெல்மெட் மடியில் இருந்தது. அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“டாக்டர்! வண்டியைத் தொடாதீங்க! ஹேண்டில்பார்ல ரெண்டு போல்ட் போட மறந்துட்டேன். தப்பு என் பேர்லதான், மன்னிச்சுக்குங்க.”

கோபப்படுவார் என்று பார்த்தால், மனிதரின் முகம் பளிச்சென்று மலர்ந்தது.

“அப்படியா? அப்ப இதை ஓட்டக் கூடாதுல்ல? நடந்துதான் போகணும், இல்ல?”

அக்கா மண்டியிட்டு அவர் வண்டியைப் பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. கண்ணைக் கசக்கிக்கொண்டு திரும்ப எண்ணினாள். நாலும் இருந்தது. எல் கீயை வைத்துத் திருகிப் பார்த்தாள். ஒன்றும் அசையவில்லை.

“எல்லாம் சரியாத்தான் இருக்கு டாக்டர்.”

“இருக்கா?” மலர்ந்த முகம் அப்படியே தொங்கிப்போயிற்று. “நல்லாப் பாத்தீங்களா?”

அப்போதுதான் அக்காவுக்குச் சங்கதி புரிந்தது. பாறைக்குக் கீழே எட்டிப் பார்த்தால் மரங்களின் உச்சிதான் தெரியும். முதல் தடவை வருகிறவர்களுக்குத் தலை சுற்றும். இவர் எத்தனை நேரமாக இங்கே உட்கார்ந்திருக்கிறாரோ!

“சும்மா, காத்து நல்லா இருக்கேன்னு உக்காந்தேன்” என்றார் டாக்டர், கேட்காமலேயே. பிறகு அவர் பார்வை அவள் சைக்கிளின் முன்பக்கம் போய் நின்றது. அங்கே அவளுடைய பழைய பந்தய நம்பர் அட்டை ஒன்று எப்போதும் கட்டியிருக்கும். தரையில் உட்கார்ந்திருந்தவருக்கு அட்டைக்கு அடியில் இருந்தது தெரிந்தது. “ஏங்க, உங்க வண்டியில பல்லு விழுந்த மாதிரி ரெண்டு ஓட்டை தெரியுதே?”

அக்கா அட்டையைத் தூக்கிப் பார்த்தாள். நாலில் இரண்டு இல்லை.

நேற்று சாயங்காலம்! தன் வண்டிக்கு ஹேண்டில்பார் மாற்றிக்கொண்டிருந்தபோதுதான் இவர் போன் வந்தது, நாளைக்கு வருகிறேன், ஓட்டுகிறேன் என்று. அந்தப் பதற்றத்தில் பாதியில் எழுந்து போனவள் மிச்சத்தை மறந்தே விட்டாள். அந்த வண்டியில்தான் வேர்ப்படி இறங்கியிருக்கிறாள். மரத்தைத் தாவியிருக்கிறாள்! டாக்டர் பக்கத்திலேயே தொப்பென்று உட்கார்ந்தாள். முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் அழுகை வந்தது, எது எங்கே முடிந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பைக்குள் கை விட்டாள். போல்ட் இருக்கிறது, எல் கீ இருக்கிறது, இரண்டே நிமிஷ வேலை. அப்போது டாக்டரின் கையைப் பார்த்தாள். நாள் முழுக்க ஊசி பிடிக்கிற கை, பாறை இடுக்கில் நீண்டிருந்த ஒரு வேரை விடாமல் இறுக்கிப் பிடித்திருந்தது. பைக்குள் விட்ட கையை அவள் வெறுங்கையாகவே வெளியே எடுத்தாள்.

“இதைப் பூட்ட எல் கீ வேணும் டாக்டர். வர்ற அவசரத்துல எங்கேயோ விழுந்துடுச்சு போல. நான் உருட்டிக்கிட்டே ஜீப் ரோடு வழியா வர்றேன். நீங்க வேணா ஓட்டிட்டுப் போங்க.”

“சேச்சே! ஒரு பொம்பளையைத் தனியா காட்டுல விட்டுட்டா?” அவர் துள்ளி எழுந்துவிட்டார்.

நாளைக்கு ஊரே சொல்லும், ஊர் வண்டிக்கெல்லாம் போல்ட் முறுக்குகிறவள் தன் வண்டிக்கு மறந்தாள் என்று. சொல்லட்டும். மானம் கப்பலேறினாலும் ஏறட்டும். இவர் தலைகுனியாமல் கீழே போய்ச் சேர்ந்தால் போதும் என்று அவள் நடந்தாள். ஒன்றரை மணி நேர நடை. ஓடை குறுக்கிட்ட இடத்தில் அவள் சைக்கிளையும் சேர்த்துத் தூக்கிக் கொடுத்தார்.

கடை வாசலில் மகள் தவியாய்த் தவித்துக்கொண்டிருந்தாள். “ஏன் நடந்து வர்றீங்க? என்னம்மா ஆச்சு?”

“எல்லாம் என்னாலதான்டி. என் வண்டியில…” என்று அக்கா ஆரம்பித்தாள்.

டாக்டர் கையைக் காட்டி நிறுத்தினார். “உங்கம்மா சொல்றதைக் கேக்காதம்மா. அந்தப் பாறையைப் பாத்து நான் பயந்துட்டேன். கை கால் ஓடல. ஏறவும் முடியல, இறங்கவும் முடியல, அப்படியே குத்தவச்சு உக்காந்துட்டேன். என்னை நடத்திக் கூட்டிட்டு வரணும்னு, எல் கீ பாக்கெட்டுலயே இருக்க, விழுந்துடுச்சுன்னு சொன்னாங்க. என் வண்டியைத் திருகிப் பாத்துட்டு என் கண்ணு முன்னாலதானே உள்ள போட்டாங்க! சின்னச் சின்னக் கம்பியோடயே பொழப்பு நடத்துறவன் நான். எனக்குத் தெரியாதா?”

வேன்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். மருமகளாக வரப்போகிற பெண்ணிடம், பயந்துவிட்டேன் என்று வாய்விட்டுச் சொல்கிற மனிதர். இவரோடு ஒரு வீட்டில் இருக்கலாம். தாராளமாக இருக்கலாம். பாறை மேல் அவரை உயிரோடு பார்த்தபோதுகூட அவளுக்கு இவ்வளவு நிம்மதி வரவில்லை.

“தண்ணி கொண்டு வரட்டுமா, மாமா?” என்று மகள் கேட்டாள். அதுவரை வாய்க்கு வாய் டாக்டர், டாக்டர் என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்த பெண்.

“ரெண்டு டம்ளரா கொண்டா கண்ணு” என்றார் அவர். “உங்கம்மாவும் அவ்வளவு தூரம் நடந்துதானே வந்திருக்காங்க.”