பூட்டிய பெட்டி

தேநீர் டம்ளர்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்த பெரியக்காவின் மணிக்கட்டைத் தம்பி மனைவி வந்து பிடித்தாள். விரல்கள் சில்லிட்டிருந்தன.

"அண்ணி, ஒண்ணு கேப்பேன். மாட்டேன்னு சொல்லக் கூடாது."

"சொல்லும்மா."

"அண்ணன்கிட்ட துப்பாக்கி இருக்குல்ல. அதை இன்னிக்கே இங்க கொண்டாந்து வச்சிருங்க."

பெரியக்கா தட்டைக் கீழே வைத்தாள். தம்பி இன்னும் ஆஸ்பத்திரிப் பிணவறையில்தான் கிடந்தான். மதியத்துக்கு மேல் கொடுப்பார்களாம். நேற்று சாயங்காலம் அவனுடைய மருந்துக் கடைக்கு இருமல் மருந்து கேட்டு வந்த ஒருவன், கல்லாவைத் திறக்கச் சொல்லித் துப்பாக்கியை நீட்டியிருக்கிறான். தம்பி திறந்துதான் கொடுத்திருக்கிறான். ஆனாலும் வந்தவன் சுட்டுவிட்டான். பக்கத்துத் தையல்கடைக்காரர் காதில் விழுந்தது இவ்வளவு; அவர் பார்த்தது ஹெல்மெட் போட்ட ஒரு முதுகை மட்டும்தான்.

"அவன் இன்னும் பிடிபடல அண்ணி. சாவிக்கொத்தை வேற எடுத்துட்டுப் போயிருக்கான். இந்த வீட்டுச் சாவியும் அதுலதான் இருக்கு. பூட்டு மாத்துறவன் நாளைக்குத்தான் வருவேங்கிறான். பிள்ளைங்களை வச்சுக்கிட்டு நான் எப்படிப் படுப்பேன்?"

அழுதுகொண்டு சொல்லியிருந்தால் தேற்றியிருக்கலாம். அவள் அழவில்லை. தெருவில் ஏதோ வண்டி படபடத்து அணைந்ததும் தோளைக் குறுக்கிக்கொண்டு கதவையே பார்த்தாள். இரண்டு பிள்ளைகளும் அம்மாவைப் பார்த்து அதேபோலத் தோளைக் குறுக்கிக்கொண்டன.

"கொண்டாரேன். நீ முதல்ல இந்தத் தண்ணியைக் குடி" என்றாள் பெரியக்கா.

தட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனபோது அவள் வீட்டுக்காரர்தான் பேசிக்கொண்டிருந்தார். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். நாள் முழுக்க வண்டியில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து சத்தம் போட்டே தொண்டை அகன்றுபோனவர். சாவு வீட்டிலும் அந்தக் குரல் தணியவில்லை.

"துப்பாக்கிக்குச் சட்டம் போட்டா திருடன் படிச்சுப் பார்த்துட்டா வரப்போறான்? ஒழுங்கா லைசென்ஸ் வாங்கினவனைத்தான் வறுத்தெடுக்கிறானுங்க. பெட்டியில வை, பூட்டு, வெளிய எடுத்துட்டுப் போகாதே, காணாமப் போனா அன்னிக்கே வந்து சொல்லு, சொல்லலைன்னா உள்ள போ. திருடன் எதிர்ல வந்து நின்னா, கொஞ்சம் இருப்பா, சாவி தேடிட்டு வர்றேன்னு சொல்லணுமா?"

இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். பிறகு எங்கே இருக்கிறோம் என்பது ஞாபகம் வந்து வாயைத் துடைத்துக்கொண்டார்கள்.

"அப்படி ஒரேயடியாச் சொல்லாதீங்க" என்றார் அடுத்த வீட்டுக் கணக்கு வாத்தியார். "இந்தச் சட்டம் வந்தப்புறம் சுடுறது குறைஞ்சிருக்குன்னு பேப்பர்ல போட்டிருந்தான்."

"இந்த வீட்டுல உக்காந்துக்கிட்டுச் சொல்றீங்க பாருங்க சார், குறைஞ்சிருக்குன்னு!"

வாத்தியாரின் முகம் சுருங்கிப்போனது. டம்ளரை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "இந்த வீட்டுக்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்? குறையலைன்னே வச்சுக்குங்க. ஆனா துப்பாக்கி என்ன மரத்துலயா காய்க்குது? காலையில இன்ஸ்பெக்டர் என்ன சொன்னார்? சாக்கடையில கிடந்ததை எடுத்திருக்காங்க, நம்பரைச் சுரண்டியிருக்கு, லேப்ல போட்டா தெரிஞ்சிரும்னார். நம்பர் இருக்குன்னா அதை முதல்ல வாங்கினவன் ஒருத்தன் இருக்கான். நம்மள மாதிரி குடும்பஸ்தனாக்கூட இருக்கும்."

பெரியக்காவின் வீட்டுக்காரர் சுடச்சுடத் தேநீரை வாயில் ஊற்றிக்கொண்டார்.

பெரியக்கா குனிந்து அவர் காதருகில் விஷயத்தைச் சொன்னாள்.

"இப்ப எதுக்கு அதெல்லாம்? அடுத்த வீட்டுல வைக்கக் கூடாதுடி. சட்டத்துல இடமில்ல."

"சட்டத்தைத்தானே இப்ப கிழிச்சுக்கிட்டிருந்தீங்க?"

"பெட்டிச் சாவி எங்க வச்சேன்னு ஞாபகமில்ல. விடு, சாயங்காலம் பார்க்கலாம்."

சாவி தையல் மிஷின் இழுப்பறையில் நூல்கண்டுகளுக்கு அடியில் இருப்பது அவளுக்குத் தெரியும். மனுஷருக்கு மூளை குழம்பிக் கிடக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். மச்சான் என்றால் அவருக்கு உயிர். தம்பிக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்ததே அவர்தான்.

ஒரு துணிப்பையை எடுத்துக்கொண்டு அவளே கிளம்பினாள். நான்கு தெரு தாண்டித்தான் வீடு. பகல் வெளிச்சத்தில் அத்தனை நாள் நடந்த பாதை. இன்றைக்கு ஒவ்வொரு ஹெல்மெட்டும் அவளை ஒரு வீட்டுச் சுவரோடு ஒட்டி நிற்கவைத்தது. காய்கறிப் பையை மாட்டிக்கொண்டு போனவன், பின்சீட்டில் பெண்ணை வைத்துக்கொண்டு போனவன், எல்லோருமே அவனாக இருக்கலாம்.

வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திய பிறகுதான் மூச்சு வந்தது. இழுப்பறையில் சாவி இருந்தது. பீரோவின் கீழ்த்தட்டில் இரும்புப் பெட்டி வழக்கம்போல இருந்தது, பூட்டியபடி. திறந்தாள்.

மஞ்சள் பனியன் துணி ஒன்று மட்டும் இருந்தது. துப்பாக்கியைச் சுற்றி வைக்கும் துணி. நாலாக மடித்து, ஓரத்தோடு ஓரம் சேர்த்து வைத்திருந்தது.

முதலில் அந்தத் துணிக்கு அடியில் தடவினாள். பிறகு பீரோவில் இருந்த புடவைகளையெல்லாம் இழுத்துப் போட்டாள். திருடன்தான் என்று ஒரு கணம் தோன்றியது. அவன் இந்த வீட்டுக்கும் வந்துவிட்டான், கட்டிலுக்கு அடியில்கூட இருப்பான் என்று குனிந்து பார்த்தாள். துணியைக் கையில் எடுத்த பிறகுதான் புரிந்தது. எந்தத் திருடனும் துணியை மடித்து வைத்து, பெட்டியைப் பூட்டி, சாவியை நூல்கண்டுக்கு அடியில் திரும்ப வைத்துவிட்டுப் போகமாட்டான். அப்படி மடிக்கிறவர் இந்த வீட்டில் ஒருவர்தான்.

போன மழைக்காலத்தில் டிரைவிங் ஸ்கூல் காரின் கண்ணாடியை உடைத்துவிட்டார்கள். "என்ன போச்சு?" என்று கேட்டதற்கு, "ஓட்டைக் குடை ஒண்ணு. பாவம், நனைஞ்சுக்கிட்டே போயிருப்பான்" என்று சிரித்தார். அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்றார்.

அதன் பிறகும் பின்பக்கம் ஏதாவது சத்தம் கேட்டால், பெட்டி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு திரும்பிப் படுத்திருக்கிறாள். இத்தனை நாள் தூங்கியது ஒரு பனியன் துணியை நம்பி.

அவள் திரும்பி வந்தபோது தம்பி வீட்டுப் பின்வாசல் படியில் வீட்டுக்காரர் காத்துக்கொண்டிருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததுமே எழுந்து நின்றார்.

"திறந்தியா?"

"கார்ல வச்சிருந்தீங்களா?"

"அன்னிக்கு ஒருநாள்தான். வெளியூர் போக வேண்டியிருந்துச்சு, கூட இருந்தா தைரியமா இருக்கும்னு சீட்டுக்கு அடியில..." அந்தப் பெரிய தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. "வெளிய எடுத்துட்டுப் போனதே குத்தம். போய்ச் சொன்னா லைசென்ஸும் போகும், ஸ்கூலும் போகும், நானும் உள்ள போவேன். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு..."

"சாக்கடையில எடுத்தது அதுதானா?"

"இருக்காதுடி. ஊருல எத்தனை துப்பாக்கி இருக்கு! எவ்வளவோ இருக்கு." அவள் கையைப் பிடிக்க வந்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். "எதுவா இருந்தாலும் அடக்கம் முடியட்டும். அதுவரைக்கும் வாயைத் திறக்காதே. உன் காலைப் பிடிக்கிறேன்."

இருபது வருஷமாக அவர் பயந்து அவள் பார்த்ததில்லை. அதைப் பார்ப்பது அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. அவரை அழைத்துக்கொண்டு போவார்கள். லேபில் வேறு நம்பர் வந்தாலும் அழைத்துக்கொண்டு போவார்கள். அதே நம்பர் வந்தால்? அதற்கு மேல் அவளால் நினைக்க முடியவில்லை.

சமையலறைக் கதவு திறந்தது. தம்பி மனைவி சின்னவனை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். கண் நேராகப் பெரியக்காவின் கையிலிருந்த பைக்குப் போனது.

"கொண்டாந்தீங்களா அண்ணி?"

"சாவி கிடைக்கலம்மா" என்று அவர் முந்திக்கொண்டார்.

தம்பி மனைவி சின்னவனை இடுப்பில் ஏற்றிப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "பரவால்ல. அப்ப நீங்க ரெண்டு பேரும் இங்கயே படுத்துக்குங்க அண்ணா. துப்பாக்கி எதுக்கு, நீங்க இருந்தா எனக்குப் போதும்" என்றாள். இடுப்பிலிருந்த சின்னவன் அவரைப் பார்த்துக் கையை நீட்டினான்.

முன்பக்கம் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. "வந்தாச்சு, வந்தாச்சு" என்று யாரோ சொன்னார்கள். நாற்காலிகள் நகர்ந்தன. அவர் பிள்ளையைப் பார்க்காமலேயே திரும்பி, சந்து வழியாக முன்பக்கம் போய்விட்டார்.

தம்பி மனைவி ஓடவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்களும் கூட வாங்க அண்ணி. நான் தனியாப் பார்க்க மாட்டேன்."

"பெட்டி காலிம்மா" என்றாள் பெரியக்கா.

"என்ன?"

"துப்பாக்கி இல்ல. போன மழைக்காலத்துலயே கார்லேருந்து திருட்டுப் போச்சு. இவர் யார்கிட்டயும் சொல்லல. என்கிட்டயும் சொல்லல. இப்பத்தான் பார்த்தேன்."

அது பரவாயில்லை என்பதுபோலத்தான் தம்பி மனைவி முதலில் தலையாட்டினாள். தலை ஆடிக்கொண்டே இருந்து, பிறகு நின்றது. பெரியக்காவின் முகத்தை, காலையிலிருந்து தெருவைப் பார்த்த அதே பார்வை பார்த்தாள். பெரியக்கா ஒரு படி மேலே ஏறினாள். தம்பி மனைவி பிள்ளையை இறுக்கிக்கொண்டு ஒரு அடி பின்னால் போனாள். கதவு மூடியது. உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

பெரியக்கா சந்து வழியாக முன்பக்கம் போனாள். தம்பியை இறக்கி வாசலில் வைத்திருந்தார்கள். தலைமாட்டில் அவள் வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தூக்கத் தயாராக நின்றார். அவளைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டார். இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வேலியோரம் ஒதுங்கியிருந்தார்.

"அக்கா வருது, வழி விடுங்கப்பா" என்றார் வாத்தியார்.

தம்பியிடம்தான் வருகிறாள் என்று நினைத்து எல்லோரும் ஒதுங்கினார்கள். அவள் தம்பியைத் தாண்டி வேலியோரம் போனாள்.