படிக்கட்டுச் சண்டையில் இடது கை

அந்த இடது கையை இன்ஷூர் பண்ண வேண்டும் என்று ஒருவன் எழுதியிருந்தான். அதற்கு நாற்பதாயிரம் பேர் லைக் போட்டிருந்தார்கள். நான் அந்தக் கையால்தான் போனைப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தேன்.

படம் வெளியாகி மூன்று நாள்தான் ஆகியிருந்தது. அதற்குள் படிக்கட்டுச் சண்டையை ரசிகர்கள் கால்வாசி வேகத்துக்குக் குறைத்து, சிவப்பு வட்டம் போட்டு அலசத் தொடங்கிவிட்டார்கள். படம் முழுக்க வலது கையால் சாப்பிட்டு, வலது கையால் கையெழுத்துப் போடுகிற நாயகி, படிக்கட்டில் ஏறியதும் இடது கைக்காரி ஆகிவிடுகிறாள். தலைவிக்கு ரெண்டு கையும் பேசும் என்றது ஒரு கூட்டம். டூப் போட்டு ஏமாற்றுகிறார்கள் என்றது இன்னொரு கூட்டம். இரண்டும் ஒன்றையொன்று கிழித்துத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தன.

டூப் நான்தான். பதினேழு வருஷமாக நாயகிகளுக்காக அடிக்கிறேன், விழுகிறேன். பிறவியிலேயே இடது கைக்காரி என்பதால் சண்டைக் கோஷ்டியில் எனக்கு நொட்டாங்கை என்று பெயர். வழக்கமாக, நாயகி எந்தக் கைக்காரி என்று கேட்டுக்கொண்டு அந்தக் கையால்தான் அடிப்பேன். அன்றைக்கு வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது, மாஸ்டர் அவசரப்படுத்தினார், உடம்பு தன் கைக்கே போய்விட்டது. உதவி இயக்குநர் ஒருத்தி காயத்தின் நீளம், கழன்ற பட்டன், நெற்றி முடி எல்லாவற்றையும் முந்தின ஷாட்டின் போட்டோவோடு ஒத்துப் பார்த்தாள். கையை மட்டும் விட்டுவிட்டாள். எங்கள் ஆட்கள் அதற்கும் மேலே. என் எதிரே நின்றாலே, இடது கன்னத்தைக் கொடுக்க வேண்டியவன் தானாக வலது கன்னத்தைக் கொடுப்பான். ஒத்திகையெல்லாம் என் இடது கையோடுதான், அவ்வளவு பழக்கம். அதனால் தப்பு நடந்ததே எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

பொய் சொல்வானேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வேறொருத்தி பேரில் என்றாலும் என் கையைப் பற்றித்தானே பேசுகிறார்கள். அக்காவுக்கு என்னைவிடச் சந்தோஷம். அவள் துணி தேய்க்கும் கடை வைத்திருக்கிறாள். இஸ்திரிப் பெட்டி ஒரு கையில், போன் இன்னொரு கையில். ரோஜாப்பூ படம் வைத்த கணக்கிலிருந்து, டூப் என்று எழுதியவர்களை எல்லாம் வறுத்தெடுத்துக்கொண்டிருந்தாள். என்னைத்தானே சொல்கிறார்கள், அது உண்மைதானே என்றால், அவர்கள் சொல்கிற தொனி சரியில்லை என்றாள்.

நாலாம் நாள் கம்பெனி மேனேஜர் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை ரசிகர் சந்திப்பு. மேடையில் நாயகி பக்கத்தில் நான் உட்கார வேண்டும். ஆறு மாதம் நாயகிக்கு இடது கைச் சண்டை சொல்லிக்கொடுத்தேன், படத்தில் இருப்பது எல்லாம் அவளேதான் என்று இரண்டு வாக்கியம் சொல்ல வேண்டும். சொன்னால் அடுத்த படத்துக்கு நான்தான் சண்டை மாஸ்டர்.

அந்தக் கம்பெனியில் இதுவரை ஒரு பெண்ணுக்கு அந்த வேலை கொடுத்ததில்லை. எனக்கு நாற்பது தாண்டிவிட்டது, முட்டி இரண்டும் மழைக்கு முன்னாடியே சேதி சொல்கின்றன. இன்னும் இரண்டு வருஷம் விழலாம். அதற்கப்புறம் மாஸ்டர் ஆகாவிட்டால் நானும் துணி தேய்க்க வேண்டியதுதான்.

அக்கா சட்டைக் காலரை அழுத்தித் தேய்த்துக்கொண்டே நான் சொன்னதையெல்லாம் கேட்டாள். கடைசியில், "வாயை மூடிக்கிட்டு வாங்கிக்கோடி. பதினேழு வருஷம் பொறுத்தவளுக்கு அரை மணி நேரம் பொறுக்க முடியாதா?" என்றாள்.

நியாயமாகத்தான் பட்டது. பொய் சொல்லத்தான் போனேன், இதை யாரும் மறக்க வேண்டாம்.

அரங்கம் நிரம்பி வழிந்தது. பாதிப் பேர் சட்டையில் நாயகியின் முகம். பெரிய திரையில் படிக்கட்டுச் சண்டையைப் போட்டதும் எழுந்து நின்று கத்தினார்கள், ஒவ்வொரு அடிக்கும் ஒரு விசில். என் வாக்கியங்களை ஒப்பித்தேன். கைதட்டினார்கள். மேனேஜர் கீழே நின்று கட்டைவிரலைக் காட்டினார். அத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது வரிசையில் இருந்த ஒரு பெண் மைக் வாங்கினாள். அச்சகத்தில் பேப்பர் வெட்டும் மிஷினில் வேலையாம். அவளும் இடது கைக்காரி. மிஷின் முழுக்க வலது கைக்காரர்களுக்குச் செய்தது, தினமும் கிண்டல், அந்தச் சண்டையைப் பார்த்த பிறகுதான் நிமிர்ந்து நிற்கிறேன் என்றாள். அந்தக் கை எப்படி வந்தது என்று கேட்டாள்.

நாயகி சிரித்தாள். கெட்டவள் இல்லை, அடக்கமாகப் பேசுவதாகத்தான் நினைத்திருப்பாள்.

"அது ஒண்ணும் பெரிய விஷயம் இல்லீங்க. ஆறு மாசம் பழகினா யாருக்கும் வரும்."

எனக்குச் சுருக்கென்றது. பொய்யைச் சொல்லச் சொன்னார்கள், சொன்னேன். ஆனால் யாருக்கும் வருமா? என் இடது தோள் இரண்டு தடவை கழன்றது யாருக்கும் வருகிற வேலைக்கா? மைக் என் மடியில்தான் இருந்தது.

"வராது," என்றேன். "படிக்கட்டுல அடிச்சது நான். அது என் கை."

கூச்சல் கிளம்பியது. எதிர்க்கோஷ்டியிடம் காசு வாங்கியவள் என்றார்கள், பொறாமை பிடித்தவள் என்றார்கள், இறங்கு இறங்கு என்றார்கள். முன்வரிசையில் ஒரு தாடிக்காரன் நாற்காலி மேல் ஏறி, அப்படியென்றால் செய்து காட்டு என்று கத்தினான்.

கூட்டம் சேர்க்க எங்கள் ஆட்களையும் வரவழைத்திருந்தார்கள். மொட்டை எழுந்து வந்தான். படிக்கட்டில் என்னிடம் அடி வாங்குகிறவன் அவன்தான். நான் கூப்பிடவில்லை. வாட்சைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு என் எதிரே வந்து நின்றான். வலது கன்னத்தைத்தான் கொடுத்தான்.

படத்தில் ஒன்பது அடி. ஒன்பதையும் போட்டோம். வரிசை மாறவில்லை, மூச்சு மாறவில்லை. கூச்சல் அடங்கிப்போயிருந்தது.

தாடிக்காரன்தான் வாயைத் திறந்தான். "நல்லாத்தான் காப்பி அடிக்குது."

அரங்கமே சிரித்தது. எனக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாக ஆத்திரம் வந்தது. என் கையை நானே காப்பி அடிக்கிறேனாம்.

மொட்டை மெதுவாக, "மீதியும் போடலாமா?" என்று கேட்டான். தலையாட்டினேன்.

அன்றைக்கு நாங்கள் எடுத்தது பதினோரு அடி. பத்தாவதில் அவன் கழுத்தை முழங்கைக்குள் வாங்கி, அப்படியே ஒரு சுற்றுச் சுற்றினேன். பதினோராவது, உள்ளங்கையால் நெஞ்சில் ஒன்று. மொட்டை, மேடைப் பலகை அதிர மல்லாந்து விழுந்தான். சுற்றி நின்றபோது என் முகம் கூட்டத்தைப் பார்த்து இருந்தது.

விசில் இல்லை, சிரிப்பு இல்லை. எல்லா அடியையும் மனப்பாடமாக வைத்திருக்கிற கூட்டம் அது. தெரியாத இரண்டு அடியைப் பார்த்து முழித்தது.

"இது படத்துல இல்லையே," என்றான் தாடிக்காரன்.

"எடுத்தோம். என் மூஞ்சி தெரிஞ்சுதுன்னு வெட்டிட்டாங்க."

அவன் நாற்காலியை விட்டு இறங்கினான். பக்கத்தில் இருந்தவர்கள் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். நாயகி தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். மேனேஜர் மேடையின் ஓரப்படியில் ஏறி வந்து என் காதருகே பேசினார். இன்னும் கெட்டுப்போகவில்லையாம். நாயகிக்குச் சொல்லிக்கொடுக்க நான் முதலில் செய்து காட்டிய சண்டை இது என்று சொல்லிச் சமாளித்துவிடலாமாம். நான் இப்போதே கீழே இறங்கினால் அடுத்த படம் எனக்குத்தானாம்.

அப்போது இரண்டாவது வரிசையிலிருந்து, அச்சகத்துக்காரியின் குரல் கேட்டது.

"ஒன்ஸ் மோர்."

தாடிக்காரன் திரும்பி அவளைப் பார்த்தான். பிறகு அவனும் சொன்னான். பின்னால் யாரோ அதையே வாங்கிக் கத்தினார்கள்.

மேனேஜர் என் முழங்கையைத் தொட்டார். கையை விடுவித்துக்கொண்டேன். அந்த வேலை எனக்கு எவ்வளவு வேண்டும் என்று அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

"எந்திரிடா," என்றேன் மொட்டையிடம். "முதல்லேருந்து."