முதலில் கையெழுத்து

1

இந்தக் கதை ஒரு வரியிலிருந்து பிறந்தது. அந்த வரியை எழுதித் தரும்படி பிரிஸ்கில்லா என்னிடம் கேட்டாள். அதை எழுதாமல் இருப்பதற்காக இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

தொடக்கத்துக்கே மூன்று நாள் ஆயிற்று.

முதல் தொடக்கம்: 'உத்திரமேரூருக்கும் பெருநகருக்கும் நடுவில் உள்ள ———— ஊராட்சியில், ———— சமூகத்தைச் சேர்ந்த ————'

கோடுகள் சட்டத்துக்குப் பயந்து போட்டவை. படித்துப் பார்த்தேன். பெயர் இருந்தால் ஒரு சமூகத்துக்குத்தான் கோபம் வரும். கோடு இருந்தால் எல்லோருக்கும் வரும்.

இரண்டாவது தொடக்கம்: 'ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தேர்தல் விதிகளைக் கல்லில் வெட்டிய இந்த மண்ணில்—'

விட்டுவிட்டேன். எங்கள் பக்கத்து மேடைகளில் எல்லோரும் இப்படித்தான் தொடங்குகிறார்கள். (அந்தக் கல்வெட்டில் யாரெல்லாம் உறுப்பினராகக் கூடாது என்ற பட்டியல்தான் நீளம். அதை மேடையில் யாரும் படிப்பதில்லை.)

மூன்றாவது, நடந்ததைச் சொல்வது. வேறு வழி தெரியாதபோது செய்வது.

2

அக்டோபர் இரண்டு. கிராம சபைக் கூட்டம்.

எங்கள் ஊராட்சியில் ஒரு வழக்கம் உண்டு. உள்ளே நுழைந்ததும் தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து. பிறகு டீயும் வடையும். பிறகுதான் கூட்டம். தீர்மானத்தை ஊராட்சிச் செயலர் கல்பனா அடுத்த வாரம் எழுதுவார். அதற்காகக் கையெழுத்துகளுக்கு முன்னால் நான்கு பக்கம் காலியாக இருக்கும். கூட்டம் முடிந்து கேட்டால் கையெழுத்துப் போட ஆள் இருக்காது என்பது அவருடைய அனுபவம்.

"கையெழுத்து போட்டாதான் டோக்கன். டோக்கன் குடுத்தாதான் வடை. அப்பறம் என்னாண்ட சண்டைக்கு வராதீங்க" என்றார்.

நூற்றுப் பன்னிரண்டு பேர் போட்டோம். நான் நாற்பத்தொன்று. பிரிஸ்கில்லா நாற்பத்திரண்டு. என் பேனாவை வாங்கித்தான் போட்டாள். திருப்பித் தந்தாள்.

அவள் யாரென்று சொல்லவில்லை. காலனியில் கூலி வேலை செய்யும் சாமுவேலின் மகள். இருபத்து மூன்று வயது. காவலர் வேலைக்கு எழுத்துத் தேர்வு, ஓட்டம், நீளம் தாண்டுதல் எல்லாம் தேறிவிட்டாள். காவல் நிலையச் சரிபார்ப்பு மட்டும் பாக்கி. பெயரில் ஒரு வழக்கு இருந்தால் வேலை இல்லை.

அன்று எழுந்து ஒரு கேள்வி கேட்டாள்.

"எங்க அத்தை போன மாசம் செத்துச்சு. வயல் சேத்துல எறங்கி தூக்கிக்கினு போனோம். ரெண்டு தரம் பொட்டி சாஞ்சுது. உங்க சுடுகாட்டுக்கு சிமெண்ட் ரோடு போட்டு லைட்டும் போட்டுக்கீறீங்க. செத்த பெறகும் இன்னாத்துக்கு ரெண்டு வழி?"

அந்த வயலுக்குச் சொந்தக்காரர் எழுந்தார். அவரை ராஜாராம் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய பதில்:

[                                                            ]

அடைப்புக்குறிக்குள் இருந்ததை எடுத்துவிட்டேன். அவர் நூறு பேர் நடுவில் சொன்னது பேச்சு. நான் அச்சில் போட்டால் குற்றம்.

கைதட்டினார்கள். அதை எடுக்கவில்லை. கைதட்டலுக்குத் தனியாகப் பிரிவு இல்லை.

3

அடுத்த வாரம் காலிப் பக்கத்தில் தீர்மானம் ஏறியது.

'சாமுவேல் மகள் பிரிஸ்கில்லா என்பவர் இரு பிரிவினரிடையே பகைமையைத் தூண்டும் வகையில் பேசியதை இச்சபை ஒருமனதாகக் கண்டிக்கிறது. காவல்துறை உரிய நடவடிக்கை எடுக்கக் கேட்டுக்கொள்கிறது.'

கீழே நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்துகள். நாற்பத்திரண்டாவது அவளுடையது. தன்மேல் நடவடிக்கை எடுக்கத் தானே கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

(இதை வாசகர் நம்ப மாட்டார் என்று தோன்றியது. அவள் கையெழுத்தை எடுத்துவிட்டு எழுதிப் பார்த்தேன். நம்பும்படி இருந்தது. எங்கள் ஊர் போல இல்லை. திரும்பச் சேர்த்துவிட்டேன்.)

4

கதையில் ஒரு போலீஸ்காரர் வருகிறார். தனிப்பிரிவு காவலர் பாண்டியன். ஊரில் யார் என்ன பேசுகிறார்கள் என்று குறித்து மேலே அனுப்புவது வேலை. எங்கள் வாட்சப் குழுவில் ரோஜாப் பூ படத்துடன் ரகசியமாக இருக்கிறார். அது எல்லோருக்கும் தெரியும். தெருவிளக்கு எரியவில்லை என்றால் ரோஜாவிடம்தான் சொல்வார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பழுப்பு உறை.

"சார், கதை எழுதிக்கினு கீறீங்களாமே?"

"யார் சொன்னது?"

"நீங்கதான். ஜெராக்ஸ் கடையில ரெண்டு பக்கத்த வுட்டுட்டுப் போய்ட்டீங்க." உறையைத் தந்தார். "படிச்சேன். நல்லா கீது. நான் வர்ற எடத்துல கொஞ்சம் உயரமா போடுங்க. குட்டையா கீற மாதிரி தெரியுது."

பாண்டியன் ஆறடி உயரம்.

"ராஜாராம் பேசினது உங்க நோட்டுல இருக்கா?" என்று கேட்டேன்.

"இல்ல சார்."

"ஏன்?"

"அவரு எப்பவும் பேசுறதுதான அது? நோட்டுல புதுசா எதுனா நடந்தாதான் எழுதணும். அந்தப் பொண்ணு கேட்டதுதான் புதுசு."

போகும்போது திரும்பினார். "கதைய எங்க அனுப்பினாலும் ஒரு காப்பி எனக்கும் குடுத்துடுங்க. நான் போய்த் தேடுறது பேஜார்."

5

ராஜாராமைப் பற்றி ஒரு சந்தேகம். ஒரு நல்ல குணமும் இல்லாத ஆள் கதையில் நிற்க மாட்டார். ஏதாவது கொடுக்க வேண்டும்.

'ராஜாராம் தன் அண்ணன் மகனைத் தோளில் உட்காரவைத்துத் தேர் காட்டியவர்.'

இது உண்மை. அந்த அண்ணன் மகன் நான்.

இதை இரண்டாம் பகுதியிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

பாண்டியன் வந்துபோன அன்று சாயந்திரமே சித்தப்பா போனில் வந்தார்.

"இன்னா நைனா, என்ன வில்லனா போட்டுக்கீறியாம்?"

"உங்க பேரு போடல சித்தப்பா."

"போடேன். எனக்கு இன்னா பயம்? எல்லாரும் மனசுல வெச்சிக்கினு கீறாங்க. நான் வாயால சொன்னேன். அதுக்குப் பேருதான் பேச்சுரிமை. நீதான் படிச்சவனாச்சே."

"அப்ப பிரிஸ்கில்லா பேசினது?"

"அது கலவரம்டா."

குரலைத் தாழ்த்தினார்.

"திங்கக்கிழமை ஸ்டேஷன் பக்கம் போவாத. வூட்டுல இரு. காய்ச்சல்னு சொல்லு" என்றார்.

6

திங்கட்கிழமை பத்து மணிக்கு விசாரணை. நேற்று பிரிஸ்கில்லா அதே வரிக்காக இரண்டாம் முறையாக வந்தாள். கேட்டுக்கு வெளியே நின்றாள். உள்ளே வா என்று நான் சொன்னேனா? எழுதிப் பார்க்கிறேன்: 'உள்ளே வா என்றேன்.' இல்லை. சொல்லவில்லை.

"சார், ஒருத்தராவது எழுதிக் குடுத்தா அந்தத் தீர்மானம் நிக்காதுன்னு எஸ்ஐ சொல்றாரு. கையெழுத்து போடறப்ப பக்கம் காலியா இருந்துச்சுன்னு. அந்த ஒரு வரிதான்."

"உங்க தெருவுல யாராவது—"

"நாப்பது பேரு எழுதிக் குடுத்தோம். ஒரே தெரு ஆளுங்க சொன்னா அப்பிடித்தான் சொல்லுவீங்கன்றாரு. ஊர்லேருந்து ஒருத்தர் வேணுமாம். நீங்க எனக்கு முன்னாடி போட்டீங்க. உங்க பேனாதான்."

நான் கதையைக் கொடுத்தேன். எல்லாம் இதில் இருக்கிறது என்றேன். கேட்டின் மேல் தாளை வைத்துக்கொண்டு நின்றபடியே படித்தாள். பாண்டியன் ஆறடி என்ற இடத்தில் சிரித்தாள்.

"நல்லா கீது சார். இத ஸ்டேஷன்ல குடுத்தா எடுத்துக்குவாங்களா?"

"கதையை எப்படி எடுத்துக்குவாங்க?"

தாள்களை வரிசைப்படுத்தித் திருப்பித் தந்தாள்.

"ஒரு வரி கேட்டேன். நீங்க ஏழு பக்கம் எழுதிக்கீறீங்க. எதுக்குக் கீழயும் கையெழுத்து இல்ல."

7

முடிவுகள்.

அ. திங்கட்கிழமை நான் போகிறேன். அந்த ஒரு வரியை எழுதிக் கொடுக்கிறேன். வழக்கு இல்லை. அவளுக்கு வேலை கிடைக்கிறது. சில வருஷம் கழித்துத் தனிப்பிரிவுக்கு மாற்றுகிறார்கள். எங்கள் வாட்சப் குழுவில் சாமந்திப் பூ படத்துடன் ஒருவர் சேர்கிறார். நான் குட்மார்னிங் சொல்கிறேன். பதில் வரவில்லை.

ஆ. நான் போகவில்லை. பகைமையைத் தூண்டியதாகப் பிரிவு 196-இல் வழக்கு. பிரிஸ்கில்லா நடவுக்குப் போகிறாள். இந்தக் கதை அச்சாகிறது. என் துணிச்சலைப் பாராட்டி மூன்று வாசகர் கடிதங்கள். மூன்றிலும் அனுப்புநர் பெயர் இல்லை.

இ. திங்கட்கிழமை எனக்குக் காய்ச்சல்—

இன்று ஞாயிறு. நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சூடு இல்லை.

கதையில் எழுதியது சாட்சியம் ஆகாது. ஆகவே இங்கே தைரியமாகச் சொல்கிறேன்: நான் கையெழுத்துப் போட்டபோது மேலே ஒரு எழுத்தும் இல்லை.

பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாள் இருக்கிறது. பேனாவும் இருக்கிறது. அதே பேனா.

முடிவை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். கீழே இடம் விட்டிருக்கிறேன். என்ன எழுதினாலும் எனக்குச் சம்மதம். எங்கள் ஊர் வழக்கப்படி கையெழுத்தை முதலிலேயே போட்டுவிட்டேன்.

[                                                            ]

[                                                            ]

(ஒப்பம்)