கிழவிக்கு ரொட்டி கொடுத்தவன்

அப்பாவின் இடது கண்ணில் புரை முற்றிவிட்டது. வியாழக்கிழமை ஆபரேஷன். கூட யார் போவது என்று முடிவு செய்ய, தங்கை தன் மூன்று அண்ணன்களையும் வீட்டுக்கு வரச்சொன்னாள். அப்பா ஏழு வருடமாக அவளோடுதான் இருக்கிறார்.

பெரியவனுக்கு மின்விசிறி விற்கும் கடை. இரண்டாமவன் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். சின்னவன் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறான். நாற்பத்தாறு வயதாகியும் சின்னவன்தான். கண் விஷயம் என்பதால் எல்லோரும் அவன் முகத்தைப் பார்த்தார்கள். கடையில் ஆள் இல்லை என்று சொல்லிவிட்டு, தன்னைக் கல்நெஞ்சன் என்று நினைத்துவிடக் கூடாதே என்று ஒன்றைச் சேர்த்துக்கொண்டான்.

"எனக்குச் சின்ன வயசுலேர்ந்தே இரக்க சுபாவம். அப்பா சொன்ன கதையிலயும் கிழவிக்கு ரொட்டி கொடுத்தது மூணாவது பையன்தானே?"

பெரியவன் டம்ளரைக் கீழே வைத்தான். "யாரு கொடுத்தது?"

அப்பா பஸ் கண்டக்டராக இருந்தவர். ஞாயிறு காலையில் பிள்ளைகளுக்கு அவரே முடி வெட்டுவார். குளியலறையில் வாளியைக் கவிழ்த்து ஒவ்வொருவராக உட்காரவைத்து, வீடெல்லாம் முடி பறக்காமலிருக்கக் கதவைச் சாத்திக்கொள்வார். அப்போது சொல்வது அந்த ஒரே கதை. காட்டு வழியில் மூன்று அண்ணன் தம்பிகள் போகிறார்கள். பசியோடு ஒரு கிழவி வருகிறாள். இரண்டு பேர் விரட்டுகிறார்கள், ஒருவன் மட்டும் தன் ரொட்டியைக் கொடுக்கிறான். கொடுத்தவன் ராஜாவாகிறான், விரட்டியவர்கள் கல்லாகிறார்கள். முடிந்ததும், "இறங்கு, அடுத்த ஆளு" என்பார்.

சின்னவன் அந்தக் கதையை நம்பியே வளர்ந்தான். உலகத்தில் எங்கோ மூன்றாவது பிள்ளைக்கென்று ஒரு நாற்காலி துடைத்து வைத்திருப்பதாக அவனுக்கு எண்ணம். அதனால் எதற்கும் அவசரப்பட்டதில்லை. இப்போது பெரியவன், ரொட்டி கொடுத்தது மூத்தவன் என்று அடித்துச் சொன்னான். வீட்டில் தன் பேச்சுதான் எடுபட வேண்டும் என்று அவன் இத்தனை நாள் நடந்துகொண்டதற்கு அதுதான் ஆதாரமாம்.

இரண்டாமவன் இருவரையும் பரிதாபமாகப் பார்த்தான். "நீங்க ரெண்டு பேரும் கல்லாயிட்டீங்கடா. உங்க மனசு கஷ்டப்படுமேன்னுதான் நான் இவ்வளவு நாளா வாயைத் திறக்கல."

வரப்புத் தகராறு மாதிரி முக்கால் மணி நேரம் ஓடியது. ஆபரேஷனை எல்லோரும் மறந்துவிட்டார்கள். கடைசியில் அப்பாவிடமே பஞ்சாயத்து போயிற்று.

"வாளியில எவன் உக்காந்திருக்கானோ, அவன்தான் கொடுத்தான்" என்றார் அவர். "இல்லேன்னா தலையை ஆட்டுவீங்க. ஒரு தடவை பெரியவன் காதுல கத்தரி பட்டு ஒரே ரத்தம். அப்புறம்தான் கதைன்னு ஒண்ணு கட்ட ஆரம்பிச்சேன்."

இதுதான் சமயம் என்று தங்கை வியாழக்கிழமையை நினைவுபடுத்தினாள். பெரியவனுக்கு அன்றைக்குச் சரக்கு வருகிறது. இரண்டாமவனின் மாணவர்களுக்கு லைசென்ஸ் தேர்வு. சின்னவன்தான் முன்பே சொல்லிவிட்டானே. மூன்று பேரும் மனமுருக வருத்தப்பட்டார்கள்.

கிளம்பும்போது பெரியவன் போனை மறந்துவிட்டதாகச் சொல்லி உள்ளே போனான். பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்த தங்கைக்கு அவன் குரல் கேட்டது. "அவனுங்களுக்குச் சும்மா சொன்னீங்க, சரி. நிஜக்கதை என்னோடதுதானேப்பா?" அப்பா, "ஆமாண்டா" என்றார். அடுத்து, சொல்லிக்கொண்டு போக இரண்டாமவன் வந்தான். அவனுக்கும் ஒரு ஆமாண்டா. சின்னவன் பாதிப் படியிலிருந்து திரும்பி, கொண்டுவராத குடையைத் தேடி வந்து, தன் பங்குக்கு ஒன்றை வாங்கிப்போனான். மூன்று பேரும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தெருவில் இறங்கினார்கள்.

எதற்கு இப்படிப் பொய் சொல்ல வேண்டும் என்று தங்கை கேட்டாள்.

"இத்தனை வருஷம் அதை வச்சுத்தான் ஓட்டியிருக்கானுங்க. இப்பப் புடுங்கிட்டா வேற என்னம்மா இருக்கு அவனுங்ககிட்ட?"

பத்து வயது வரை அவளுக்கும் அவர்தான் முடி வெட்டினார். "எனக்கு ஏம்ப்பா ஒரு கதையும் சொல்லல?"

அப்பா தெரிகிற கண்ணால் அவளைப் பார்த்தார். "நீதான் தலையை ஆட்டவே மாட்டியே."

அதற்குச் சந்தோஷப்படுவதா, சண்டை போடுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் வேலை பார்க்கும் பள்ளி அலுவலகத்துக்கு வியாழன், வெள்ளி இரண்டு நாள் லீவு கேட்டுக் கடிதம் எழுத உட்கார்ந்தாள்.