கறை படாத அட்டை

அகுத்சு வாத்தியாரின் காரில் மாதம் அரை லிட்டர் இஞ்சின் ஆயில் குறைந்தது. ஆனால் தரையில் ஒரு சொட்டுகூடக் காணவில்லை.

இருபத்து மூன்று வருடப் பழைய வெள்ளைக் கார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும் அரசுச் சோதனை அக்டோபர் கடைசியில். அடியில் ஆயில் சொட்டினால் வண்டி தேறாது. அதனால் செப்டம்பரிலேயே எங்கள் பட்டறைக்குக் கொண்டுவந்தார். அவருக்குப் பின்னால் அவர் மனைவி நோபுயோசான், கணவரின் தோல்பையைப் பிடித்தபடி நின்றார்.

"என் வண்டி ஒழுகாது," என்றார் வாத்தியார். "ஒழுகுதுன்னா, யாரோ எதுலயோ கொண்டுபோய் இடிச்சிருக்காங்க. அந்த யாரோ யாருன்னு எனக்குத் தெரியும்."

முதலாளி இவாபுச்சி சிரித்தார். "வகுப்புல சாக்பீஸ் திருடினவனைப் பிடிக்கிற மாதிரி பேசுறீங்களே, வாத்தியாரய்யா."

"முப்பத்தெட்டு வருஷத்துல ஒருத்தனையும் விட்டதில்லை." மனைவியின் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "ஓய், நீ இடிச்சதுன்னு தெரிஞ்சா அன்னிக்கே சாவியைக் குடுத்துடணும். என்ன?"

"சரிங்க," என்றார் நோபுயோசான்.

நோபுயோசானுக்கு அந்தச் சாவி எதற்கு என்று ஊருக்கே தெரியும். மலைக்கு அந்தப் பக்கம் முதியோர் இல்லத்தில் அவருடைய அக்கா இருக்கிறார். பஸ் நின்று இரண்டு வருடமாகிறது. வாத்தியார் அந்தப் பக்கம் போகமாட்டார். வியாழக்கிழமைகளில் நோபுயோசான் தானே ஓட்டிக்கொண்டு போவார்.

புகையில் நீலம் இல்லை, ஆகவே ஆயில் எரியவில்லை. ரேடியேட்டர் தண்ணீரில் கலங்கல் இல்லை, ஆகவே உள்ளேயும் போகவில்லை. வெளியேதான் போக வேண்டும். நான் ஒரு பேரிக்காய்ப் பெட்டியை வெட்டி, அட்டையை விரித்து வாத்தியாரிடம் கொடுத்தேன். ராத்திரி வண்டி நிற்கும்போது அடியில் போட்டு வையுங்கள், ஒரு வாரம் கழித்துக் கொண்டுவாருங்கள் என்றேன். சொட்டு விழும் இடத்தை வைத்து மேலே தேடலாம்.

ஒரு வாரம் கழித்து அட்டை வந்தது. கறையே இல்லை.

நான் கொடுத்தது பேரிக்காய்ப் பெட்டி. திரும்பி வந்தது ஆரஞ்சுப் பெட்டி. கவனித்தேன். மழையில் நனைந்து மாற்றியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். கேட்டிருக்கலாம். எனக்கு வாடிக்கையாளரிடம் கேள்வி கேட்க வராது.

இஞ்சினின் அளவுகோல் கம்பியில் ஆயில் மறுபடியும் குறைந்திருந்தது.

"ஏம்மா காலேஜ்காரி," என்றார் முதலாளி, எல்லோர் முன்னாலும். "ஆயில் ஆவியாகி மேகத்துக்குப் போயிடுச்சா? வேதியியல்ல அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்களா?"

"இல்லைங்க."

"அப்போ எங்க போச்சு?"

"தெரியலைங்க."

"அடியை ஆவியடிச்சுக் கழுவிட்டு நானே சோதனைக்கு ஓட்டிட்டுப் போறேன். தேறிடும்."

"தேறினாலும் ஒழுகுமேங்க."

"தேறினப்புறம் ஒழுகினா அது அவர் வீட்டு ஆயில். நம்ம ஆயில் இல்லை."

ஆயிலில் சாயம் கலந்து பார்க்கிறேன் என்று கெஞ்சினேன். சாதாரண வெளிச்சத்தில் தெரியாது. ஊதா விளக்கைப் பிடித்தால் கசிந்த இடமெல்லாம் பச்சையாக ஒளிரும். முதலாளி ஒத்துக்கொண்டார். "இதுலயும் ஒண்ணும் தெரியலைன்னா முன்னறையில உக்காந்து டீ ஊத்து. சிஹோ டீ நல்லா ஊத்துவான்னு ஊர்ல பேர் வாங்கிடலாம்."

சாயத்தை ஊற்றினேன். வாத்தியாரும் நோபுயோசானும் இரண்டு வாரம் வழக்கம்போல ஓட்டினார்கள்.

திரும்பி வந்த அன்று பட்டறையின் இரும்புக் கதவைக் கீழே இறக்கி இருட்டாக்கினோம். வண்டி மேலே உயர்ந்தது. வாத்தியார் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். "பார்க்கலாம், பட்டப்படிப்பு என்ன கண்டுபிடிக்குதுன்னு."

நான் விளக்கைப் போட்டுக்கொண்டு திரும்பினேன். முதலில் ஒளிர்ந்தது வண்டி அல்ல. கதவோரம் தோல்பையைப் பிடித்திருந்த பத்து விரல்கள்.

நகக்கண்களில் பச்சை. விரல் இடுக்குகளில் பச்சை. கோட்டின் வலது கை நுனியில் ஒரு கீற்று. நோபுயோசான் தன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். வேறு யாருடையதோ என்பதுபோல.

விளக்கை நான் உடனே கீழே இறக்கியிருக்கலாம். வாத்தியார் அப்போது வண்டியின் அடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று எண்ணும் நேரமாவது இருந்தது. நான் இறக்கவில்லை. ஆயில் வெளியே போகிறது என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன், யாரும் நம்பவில்லை. இதோ இருக்கிறது.

வாத்தியார் திரும்பினார்.

"என்ன அது?"

"காலையில துடைச்சேங்க," என்றார் நோபுயோசான். "தினமும் துடைப்பேன். அஞ்சு மணிக்கு. தரையை, அப்புறம் கை எட்டுற வரைக்கும் வண்டியோட அடியை."

"அட்டை?"

"தினமும் புதுசு போட்டேங்க."

"ஏன்?"

அவர் சொல்லிவிட்டார். கேட்காததையும் சொன்னார். ஆகஸ்டில் முதியோர் இல்லத்து வாசலில் வண்டியை நிறுத்தும்போது சக்கரத்தைத் தடுக்கும் சிமென்ட் கட்டையில் முன்பக்க அடி இடித்துவிட்டது. ஏதோ உடைந்த சத்தம் கேட்டது. நாலைந்து நாள் கழித்துத் தரையில் சொட்டு. அன்றிலிருந்து துடைக்கிறார்.

"ஆக, இடிச்சே. மறைச்சே. ரெண்டு மாசம் என் கண்ணு முன்னாலயே," என்றார் வாத்தியார். கோபமே இல்லை. விடைத்தாள் திருத்தி முடித்தவர் மாதிரி நிம்மதியாக இருந்தார்.

நான் வண்டிக்கு அடியில் போனேன். அடியில் மூடியிருந்த பிளாஸ்டிக் தகடு விரிசல் விட்டிருந்தது. அவ்வளவுதான். அதைக் கழற்றினேன். ஆயில் தொட்டியில் ஒரு கீறல்கூட இல்லை. பச்சைக் கோடு இஞ்சினின் பின்பக்கமாக, கண்ணுக்குத் தெரியாத இடத்தில், மேலிருந்து இறங்கி வந்தது. வண்டியை இறக்கி, மேலே பார்த்தேன். இஞ்சின் மேல்மூடியைச் சுற்றி இருக்கும் ரப்பர் கல்லாகிவிட்டிருந்தது. நகத்தால் தட்டினால் உடைந்தது.

அந்தப் பட்டறையில் நான் பேசியதிலேயே நீளமான பேச்சு அன்றைக்குப் பேசியதுதான்.

"இடிச்சதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைங்க. ரப்பர் பழசாயிடுச்சு. இவங்க இடிக்காம இருந்திருந்தாலும் இந்த வருஷம் ஒழுகியிருக்கும். இவங்க மேல தப்பே இல்லைங்க."

வாத்தியார் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். "நல்லது. வண்டி மேலயும் தப்பில்லை. வயசாச்சு. அதுக்கு யார் என்ன பண்ண முடியும்?" பிறகு உள்ளங்கையை நீட்டினார். "சாவி."

நோபுயோசான் கோட்டுப் பையில் கை விடவில்லை. "வியாழக்கிழமை அக்கா காத்திருப்பாங்க."

"ஃபோன் பண்ணு."

"அக்காவுக்குக் காது கேக்காதுங்க."

"அப்போ ஃபோன் செலவும் மிச்சம்."

முதலாளி சிரித்துவிட்டார். சிரித்த பிறகு தொண்டையைக் கனைத்தார். நோபுயோசான் சாவியில் கோத்திருந்த சின்ன மணியைக் கழற்றப் பார்த்தார். விரல் வழுக்கியது. மணியோடு கொடுத்துவிட்டார்.

நான் இரும்புக் கதவை ஏற்றினேன். பகல் வெளிச்சத்தில் அந்தக் கைகளில் ஒன்றுமே இல்லை. வெறும் கைகள், சுத்தமான கைகள்.

"சோப்புப் போட்டா போகுமா?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"நாலஞ்சு நாளாகுங்க. ஆனா அந்த விளக்கு இல்லாம யாருக்கும் தெரியாது."

தலையாட்டினார்.

ரப்பரை மாற்றினேன். வண்டி சோதனையில் தேறியது. நான் டீ ஊற்றப் போகவில்லை. அந்த மாதக் கடைசியில் வாத்தியார் வண்டியை எடுக்க வந்தபோது, வாடிக்கையாளர்களுக்கு இனாமாகக் கொடுக்கும் ஐந்து பெட்டி டிஷ்யூவை முதலாளி எடுத்து வைத்தார்.

"இது வேண்டாம்," என்றார் வாத்தியார். "அந்த விளக்கு விலைக்குக் கிடைக்குமா?"

"எதுக்கு, வாத்தியாரய்யா?"

"வீட்ல பார்க்க வேண்டியது நிறைய இருக்கு."

"விலையா? உங்களுக்கா? பழசுதான், சும்மா எடுத்துட்டுப் போங்க. சிஹோ, சாயமும் ஒரு புட்டி வை."

நான் விளக்கைத் துடைத்தேன். பேட்டரி மங்கியிருந்தது, புதிதாக மாற்றினேன். காகிதப் பையில் போட்டு, வாயை இரண்டு முறை மடித்து, இரண்டு கைகளாலும் நீட்டி, குனிந்து வணங்கினேன்.

வாத்தியார் வாங்கவில்லை. அவர் எதையும் தூக்குவதில்லை. பின்னால் நின்ற நோபுயோசான் முன்னே வந்து, இரண்டு கைகளாலும் பையை வாங்கிக்கொண்டு, என்னைவிட அதிகமாகக் குனிந்தார்.

"உங்களுக்கு ரொம்ப சிரமம் குடுத்துட்டேன்," என்றார்.